பயிற்சிக் கூரை

முதல் சனிக்கிழமை நாங்கள் மூன்றடி உயரத்துக்கு ஒரு சுவர் கட்டினோம். நாலு மணிக்கு அதைப் பிரித்தோம். செங்கல்லில் ஒட்டியிருந்த செம்மண்ணைத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, நானூறு கல்லையும் எண்ணி அடுக்கிவிட்டு வீட்டுக்குப் போனோம். அடுத்த சனிக்கிழமையும் அதேதான்.

இலங்கை மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடம் புயலில் சேதமாகிவிட்டது என்று எங்கள் தேவாலயப் பங்குக்குக் கடிதம் வந்திருந்தது. பங்குத்தந்தை அதை வாசித்துவிட்டு, விவிலியத்தில் இடிந்துபோன மதிலை ஊரே கூடி எழுப்பியதைப் பற்றி மறையுரை வைத்தார். நன்றாகவே பேசினார். பூசை முடிந்ததும் ஏழு பேர் பெயர் கொடுத்தார்கள். டிசம்பர் விடுமுறையில் போய்ப் பத்து நாள் வேலை செய்துவிட்டு வருவது என்று முடிவானது. செங்கல் சுவர் படம் போட்ட நீல டிசர்ட்கூட அடித்தாயிற்று. ஏழு பேரில் யாரும் அதுவரை கொத்துக் கரணையைக் கையால் தொட்டதில்லை. அதனால்தான் எட்டாவதாக என்னைச் சேர்த்தார்கள்.

நான் கொத்தனார். அதற்கு முன் வேடசந்தூர் சாலையில் ஒரு நூல் மில்லில் மூன்று வருடம் இரவு ஷிப்ட் பார்த்தேன். அதற்கும் முன் பாலிடெக்னிக்கில் இரண்டு வருடம். இரண்டையும் பாதியில் விட்டவன். கொத்து வேலை மட்டும் கையோடு நின்றது. அருள்நாதன் என்று என் பெயர் அச்சடித்த பாஸ்போர்ட் ஆகஸ்டில் தபாலில் வந்தது. அதில் ஒரு முத்திரையாவது விழ வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது. சேவை மனப்பான்மை என்றெல்லாம் நான் சொல்லிக்கொள்ளப் போவதில்லை. கொடைரோடு ஸ்டேஷனில் ரயில் ஏறி நான் போன மிக நீண்ட தூரம் சென்னை.

குழுவுக்குத் தலைவர் ஸ்டீபன்ராஜ் சார். தபால் துறையில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தப் பொருள் எங்கிருந்து வந்தது, எங்கே திரும்பிப் போக வேண்டும் என்பது அவருக்கு மூச்சு மாதிரி. செங்கல், சூளை வைத்திருக்கும் பொம்மையனிடம் இரவல். சிமெண்ட் பட்டால் கல் திரும்பாது, அதனால் மண் சாந்து. பழகுவதற்கு இடம், சேவுகம்பட்டிக்கு அப்பால் ஒரு கிராமத்தில் எங்கள் மறைமாவட்டம் நடத்தும் சின்னப் பள்ளிக்கூடம். அதற்கு அனுமதிக் கடிதம் வாங்கி, பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பையில் வைத்திருந்தார். ‘தன்னார்வலர் பயிற்சிக்கு மட்டும். நிரந்தரக் கட்டுமானம் எதுவும் கூடாது’ என்று அதில் இருந்தது.

சுவரை எங்கே கட்டுவது என்று முதல் நாள் நாங்கள் மைதானத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது இடம் காட்டியது ஜக்கம்மாள் அக்காதான்.

"அந்தா, பழைய சமையல்கட்டு இருந்த எடம். அஸ்திவாரம் அப்படியே கெடக்கு. தரை மட்டமா இருக்கு. பழகுறதுக்குத் தோதா இருக்கும், சார்."

ஜக்கம்மாள் அந்தப் பள்ளியின் சத்துணவுச் சமையலர். அறுபத்து நாலு பிள்ளைகளுக்குச் சமைக்கிறவர். சமையல்கட்டின் கூரை போன வருடம் விழுந்தது, விரிசல் விட்ட சுவர்களை அதன்பின் இடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து வகுப்பறையின் பின்சுவரில் ஒரு தார்ப்பாயைக் கட்டி, அதன் கீழ் அடுப்பு வைத்திருக்கிறார். காற்றில் கேஸ் அடுப்பு நிற்கவில்லை என்று விறகுக்கு மாறியிருந்தார். போன ஐப்பசியில் மூன்று நாள் அடுப்பு பற்றவில்லை. பிள்ளைகள் பிஸ்கட் தின்றுவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

இதை அவர் என்னிடம் சொன்னது இரண்டாவது சனிக்கிழமை, நான் கை கழுவப் போனபோது.

"சத்துணவு ஆபீசர் வந்து சொல்லிட்டுப் போயிட்டாரு தம்பி. இந்த மழைக்கும் அடுப்பு அணஞ்சா, மெயின்ரோட்டுப் பள்ளிக்கூடத்துலயே சமைச்சு ஆட்டோவுல கொண்டாந்துருவாங்களாம். என்னையத் தூக்கி நத்தம் பக்கம் போட்டுருவாங்களாம். மூணு பஸ் மாறணும். நான் எப்பப் போயி எப்பச் சமைக்க?"

"பள்ளிக்கூடத்துல கேட்டீங்களா?"

"கேக்காமயா? கூரை ஒழுகுனப்பவே கேட்டேன். அடுத்த வருசம்ங்குறாக. நாலு வருசமா அடுத்த வருசம்ங்குறாக. கூரை விழுந்ததுகூட அடுத்த வருசத்துக்குள்ளதான்."

சனிக்கிழமைகளில் பள்ளிக்கூடம் கிடையாது. ஆனாலும் பக்கத்துத் தெருவிலிருந்து வந்து எங்கள் எட்டுப் பேருக்கும் அவரே சமைத்தார். புரட்டாசி என்பதால் கவிச்சி கிடையாது. தேவாலயத்தில் கீபோர்டு வாசிக்கும் சார்லஸுக்கு அதில் வருத்தம்.

"அக்கா, ஒரு முட்டையாவது போடக் கூடாதா? நாங்க சாமிக்கு வேலை பார்க்குற ஆளுக."

"எங்க சாமிக்கு இது புரட்டாசி. உங்க சாமி வேணும்னா வந்து அவிச்சுத் தரட்டும். தொட்டுக்க வெஞ்சனம் வேணுமா வேணாமா?"

சார்லஸ் தட்டை நீட்டினான். விரல் நசுங்கிவிடும் என்று பயந்து அவன் செங்கல்லை இரண்டு கையாலும் பூனைக்குட்டியைத் தூக்குவதுபோலத் தூக்குவான். அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் சகாயசெல்வி அக்கா மட்டும்தான் கொஞ்சம் தேறினார். அவர் கட்டிய வரிசைக்குத் தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்தால் அவ்வளவு மோசமாக இருக்காது.

நாலு மணிக்குச் சுவரைப் பிரிக்கும்போது ஜக்கம்மாள் பாத்திரம் தேய்ப்பதை நிறுத்திவிட்டுப் பார்ப்பார். மூன்றாவது சனிக்கிழமைதான் பேசினார்.

"சார், வாராவாரம் கட்டிக் கட்டி இடிக்கீங்களே. ஒரு வாரம் அப்படியே விட்டுட்டுப் போகக் கூடாதா? மேக்கேருந்து அடிக்கிற காத்துக்குக் கொஞ்சம் மறைப்பா இருக்கும்ல."

ஸ்டீபன்ராஜ் சாருக்கு அது கஷ்டமாகத்தான் இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பையிலிருந்து கடிதத்தை எடுத்து அவருக்கு வாசித்துக் காட்டினார். கல் பொம்மையனுடையது என்றார். அடுத்த வருடம் உள்ளூருக்கும் ஏதாவது செய்யலாம், ஃபாதரிடம் பேசுகிறேன் என்றார்.

"அடுத்த வருசமா?" என்றார் ஜக்கம்மாள். "சரி சார்."

அக்காவுக்காக நான் சாரிடம் ஏதாவது சொல்லியிருக்கலாம். என் பாஸ்போர்ட்டின் நகல் அதே பையில்தான் இருந்தது. நான் கல்லைக் கழுவினேன்.

நாலாவது சனிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் சகாயசெல்வி அக்கா அந்தத் தோட்டப் பள்ளியின் தலைமையாசிரியைக்கு வீடியோவில் பேசினார். எப்படியோ கன்னியர் மடம் மூலமாக நம்பர் பிடித்திருந்தார். நாங்கள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்தோம். அந்த அம்மா போனைத் தூக்கிக்கொண்டு பள்ளியைச் சுற்றிக் காட்டினார். கருங்கல்லில் கட்டிய உறுதியான சுவர்கள். மேலே வானம்.

"சுவருக்கு ஒரு பிரச்சினையும் இல்லங்க," என்றார். "எங்க தாத்தா காலத்துச் சுவர். காத்து கூரையைத்தான் தூக்கிட்டுப் போயிருச்சு. நீங்க எல்லாம் கூரை போடத்தானே வாறீங்க?"

சார்லஸ் தன் டிசர்ட்டில் இருந்த செங்கல் படத்தைக் குனிந்து பார்த்தான்.

"ஆமா சிஸ்டர், கூரைக்குத்தான்," என்றார் ஸ்டீபன்ராஜ் சார். அந்த அம்மா சிஸ்டர் இல்லை. பேச்சு முடிந்து போன் அணைந்த பிறகு சார் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்: "கடிதத்துல சேதம்னுதானே இருந்துச்சு? சுவர்னு யாரு சொன்னது?"

"மறையுரைல வந்துச்சு சார்," என்றான் சார்லஸ்.

நாலு வாரம் சுவர் பழகியிருக்கிறோம். நானும்தான். கொத்தனார் நான், என்ன இடிந்தது என்று நானாவது கேட்டிருக்க வேண்டும். சுவர் என்றார்கள், கரணையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மிச்சம் ஒரு சனிக்கிழமைதான் இருந்தது. ஐந்தாவது சனிக்கிழமைக்குப் பிறகு தீபாவளி, அரையாண்டுத் தேர்வு என்று எல்லாருக்கும் வேறு வேலை. ஸ்டீபன்ராஜ் சார் அங்கேயே திட்டம் போட்டார். செங்கல் நாளைக்கே சூளைக்குத் திரும்பட்டும். வத்தலக்குண்டில் தகரக் கடை வைத்திருக்கும் முகமது யாசின் அவருக்குப் பழக்கம். கூரைத் தகரம் பத்து இரவல் கேட்கலாம். நாலு தூண் நட்டு, மேலே சட்டம் போட்டு, தகரம் ஏற்றிப் பழகிவிட்டு இறக்கிவிடலாம்.

"தூணு ஆடக் கூடாது சார்," என்றேன். "ஏழு பேரும் மேல ஏறணும். காலுக்குக் கான்கிரீட் போட்டாத்தான் நிக்கும்."

அது உண்மை. அடுத்து நான் சொன்னதும் உண்மை. இடித்த ஷெட் ஒன்றின் இரும்புக் குழாய்கள் என் வீட்டுப் பின்னால் சும்மா கிடந்தன, அவற்றைக் கொண்டுவருகிறேன் என்றேன். ஸ்டீபன்ராஜ் சார் கொஞ்சம் யோசித்து, பாதுகாப்புக்காக என்றால் சரி என்றார்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே தனியாக வந்து பழைய அஸ்திவாரத்தின் நாலு மூலையிலும் குழி தோண்டித் தூண் நட்டேன். பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருந்தது. ஜக்கம்மாள் தார்ப்பாய்க்குக் கீழிருந்து வந்து பக்கத்தில் நின்றார். கிழக்கே சிறுமலைப் பக்கம் இல்லை, மேற்கே கொடைக்கானல் பக்கம் மேகம் கட்டியிருந்தது. அங்கே கட்டினால் எங்களுக்கு மழை வரும்.

"தம்பி, ஒண்ணு கேக்கவா? தகரத்துல ஓட்டை போட்டுத்தான் மாட்டுவீக?"

"ஆமாக்கா. ஓட்டை போட்டு போல்ட் மாட்டணும். கம்பியால கட்டிப் பழகுனா அங்க போயி ஒண்ணும் தெரியாது."

"ஓட்டை போட்ட தகரத்தை யாசின் பாய் திருப்பி வாங்குவாரா?"

நான் மண்வெட்டியை நிறுத்தினேன். கொத்தனாரான எனக்கு அது அந்த நிமிடம்தான் மண்டையில் ஏறியது. குழாய்ச் சட்டம் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு இடைவெளியில் வரும். ஒரு கூரைக்குப் போட்ட ஓட்டை இன்னொரு கூரைக்குப் பொருந்தாது. ஒழுகும். எந்தக் கடைக்காரனும் வாங்க மாட்டான்.

"வாங்க மாட்டாரு," என்றேன்.

"சாருக்குத் தெரியுமா?"

"தெரியாதுன்னு நெனைக்கேன்."

ஜக்கம்மாள் தூணை ஒரு கையால் ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை.

"அப்ப நாளைக்கு நாலு ஓட்டை கூடவே போடு அப்பு," என்று சொல்லிவிட்டு, அடுப்பில் பருப்பு பொங்குகிறது என்று ஓடினார்.

சனிக்கிழமை காலை யாசின் பாயின் வண்டியில் பத்துத் தகரம் வந்து இறங்கியது. நீல நிறம், புத்தம்புதுசு. கீறல் விழாமல் திருப்ப வேண்டும் என்று பாய் சொல்லியிருந்தாராம். ஸ்டீபன்ராஜ் சார் தரையில் சாக்கு விரித்து, ஒவ்வொரு தகரத்துக்கும் இடையில் செய்தித்தாள் வைத்து அடுக்கச் சொன்னார். நகத்தைக்கூட வெட்டிவிட்டு வந்திருந்தார். மதியத்துக்குள் சட்டம் போட்டு முடித்தோம். முதல் தகரத்தை மேலே ஏற்றி வைத்தோம். நான் டிரில்லிங் மெஷினை எடுத்தேன்.

"அருள், ஒரு நிமிஷம்." அவர் ஏணியில் எனக்குக் கீழ்ப்படியில் நின்றார். "ஓட்டை போட்டா யாசின் பாய் ஒண்ணும் சொல்ல மாட்டாரே?"

கேட்டுவிட்டார். அவர் கேட்காமல் இருந்திருந்தால் நான் வெறுமனே பேசாமல் இருந்தவன் ஆகியிருப்பேன். கீழே ஜக்கம்மாள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அவர் நிமிரவில்லை. கத்தி மட்டும் நின்றிருந்தது.

"எப்படியும் வாங்குறவங்க ஓட்டை போடத்தானே போறாங்க சார்," என்றேன்.

"அதுவும் சரிதான்," என்றார் அவர்.

கத்தி மறுபடியும் நறுக்க ஆரம்பித்தது.

"நீங்களே ஆரம்பிச்சு வைங்க சார்," என்று மெஷினை அவர் கையில் கொடுத்தேன். அவர் சிலுவை போட்டுக்கொண்டார். தகரத்தின் மடிப்புகளில் மேடும் பள்ளமுமாக இருக்கும். ஓட்டையை மேட்டில் போட வேண்டும். பள்ளத்தில் போட்டால் தண்ணீர் அதன் வழியாகத்தான் இறங்கும். அவர் நேராகப் பள்ளத்தில் வைத்து அழுத்தினார். பார்த்துக்கொண்டிருந்தேன். சொன்னால் இடம் மாற்றும்போது, ஓட்டை போடலாமா என்று இன்னொரு முறை யோசிப்பார் என்று எனக்குப் பயம். மெஷின் கத்தியது. ஓட்டை விழுந்தது. கீழே எல்லாரும் கைதட்டினார்கள்.

அடுத்த ஓட்டையிலிருந்து மேட்டில் போடச் சொல்லிக்கொடுத்தேன். சகாயசெல்வி அக்கா ஊசி போடுவதுபோல அலுங்காமல் போட்டார். சார்லஸ்கூட விரலை மறந்து எட்டு ஓட்டை போட்டான். மூன்றரை மணிக்குப் பத்துத் தகரமும் ஏறி, கூரை முழுசாக நின்றது. செத்த நேரம் அதன் நிழலில் உட்கார்ந்து எல்லாரும் காபி குடித்தோம். நாலு வாரமும் இல்லாத சந்தோஷம் அவர்கள் முகத்தில் இருந்தது. கட்டியது நின்றால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

நாலு மணிக்கு யாசின் பாயே வண்டியோடு வந்தார். ஒரு தகரத்தைக் கழற்றிச் சாக்கின் மேல் வைத்திருந்தோம். அவர் அதைத் தூக்கி வெயிலுக்கு நேரே பிடித்தார்.

"சார், இது என்ன சல்லடையா?"

"ஒரு கீறல் இல்ல பாய், பாருங்க."

"கீறல் இல்லதான். ஓட்டை இருக்கே! இதை நான் யாரு தலையில கட்டுறது?"

"வாங்குறவங்க எப்படியும் ஓட்டை போடுவாங்கல்ல?"

"அவங்க வீட்டுக்கு எங்க வேணுமோ அங்க போடுவாங்க. உங்க பள்ளிக்கூடத்து ஓட்டையை அவங்க வீட்டுல எதுக்கு மாட்டப் போறாங்க? இதை யாரு சார் உங்களுக்குச் சொன்னது?"

ஸ்டீபன்ராஜ் சார் என்னைப் பார்த்தார். அவர் கோபப்பட்டுக் கத்தியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"உங்களுக்குத் தெரியும்," என்றார்.

"தெரியும் சார்."

"நான் கேட்டேன்."

"கேட்டீங்க."

ஜக்கம்மாள் முந்தானையில் கை துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். "சார், தம்பியை ஒண்ணும் சொல்லாதீக. நாந்தான்—"

"நீங்க இருங்கம்மா," என்றார். யாசின் பாயிடம் திரும்பி, தகரம் தன் சொந்தப் பொறுப்பு என்றும், திங்கட்கிழமை கடைக்கு வருவதாகவும் சொன்னார். பாய் சங்கடப்பட்டு, அவசரமில்லை என்று சொல்லிவிட்டு வெறும் வண்டியோடு போனார்.

ஸ்டீபன்ராஜ் சார் பையைத் திறந்து அந்தக் கடிதத்தை எடுத்தார். உறையைக்கூடக் கழற்றாமல் இரண்டு தடவை வாசித்தார். முப்பத்தைந்து வருடம் கடிதங்களோடு வாழ்ந்த மனிதர்.

"இதுல பயிற்சின்னு போட்டிருக்கு," என்றார் கடைசியில். "என்னைக்கு முடியணும்னு தேதி போடல." கடிதத்தைத் திரும்பப் பையில் வைத்தார். "கழட்டுனதை மேல மாட்டுங்க. பயிற்சி இன்னும் முடியலைன்னு மறைமாவட்ட ஆபீசுக்கு எழுதிக்கிறேன்."

சார்லஸும் நானும் தகரத்தைத் தூக்கினோம். அது முடிந்ததும் அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இந்தம்மாவுக்கு வேணும்னு என்கிட்ட நேரா கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பேன்னு நினைக்கிறீங்க?"

"அடுத்த வருசம்னு சொல்லியிருப்பீங்க சார்."

அவர் அதை மறுக்கவில்லை. "இருக்கலாம். ஆனா, அங்க ஏணி மேல நின்னுக்கிட்டு நான் ஒண்ணு கேப்பேன். நீங்க சொல்றதை நம்பி ஏழு பேரு மேல ஏறணும்." பாஸ்போர்ட் நகலை எடுத்து என்னிடம் கொடுத்தார். நான் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

ஐப்பசி இரண்டாம் வாரம் மழை பிடித்தது. ஐந்து நாள். சுவர் இல்லாததால் சாரல் அடித்தது. ஜக்கம்மாள் பழைய தார்ப்பாயை மேற்குப் பக்கம் கட்டிக்கொண்டார். நடுவில் அடுப்பு எரிந்தது. நாலாம் நாள் அந்த அதிகாரி குடையோடு வந்தாராம். நிமிர்ந்து கூரையைப் பார்த்து, இது யார் கட்டியது என்று கேட்டாராம். "யாரும் கட்டல சார், பழகிக்கிட்டு இருக்காங்க," என்று ஜக்கம்மாள் சொல்லி ஒரு தட்டுச் சாம்பார் சோறு கொடுத்தாராம். அவர் சாப்பிட்டுவிட்டு, ஒன்றும் எழுதாமல் போய்விட்டார். நத்தம் பேச்சு அதன் பிறகு வரவில்லை.

டிசம்பரில் ஏழு பேரும் போய்விட்டு வந்தார்கள். அங்கிருந்து சார்லஸ் எனக்கு வீடியோ அனுப்பினான். மேலே நீல டிசர்ட்டுகள். அவர்களுக்கு நடுவில் கைலி கட்டிய ஒரு மெலிந்த மனிதர், டிரில்லிங் மெஷினை வாங்கி, இங்கே இல்லை அங்கே என்று கைகாட்டிக்கொண்டிருந்தார். அந்த ஊர்க் கொத்தனார். அங்கே கொத்தனார் இருப்பார் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. நான் போகாவிட்டால் கூரை நிற்காது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரியில் ஒரு நாள் பள்ளியில் உடைந்த படிக்கட்டைப் பூசிக்கொண்டிருந்தேன். காலம் தப்பிய மழை, தூறிக்கொண்டிருந்தது. ஸ்டீபன்ராஜ் சார் குடை பிடித்து வந்தார். தோட்டத்துப் பிள்ளைகள் கொடுத்ததென்று ஒரு தேயிலைப் பொட்டலத்தை ஜக்கம்மாளிடம் நீட்டினார். அவர் அதை வாங்கி, அடுப்பில் தண்ணீர் வைத்தார். அடுப்புக்கு இரண்டடி தள்ளி ஒரு அலுமினிய வட்டாப் பாத்திரம் இருந்தது. கூரையிலிருந்து அதில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

"இது மட்டும் ஏன் ஒழுகுது?"

"அது உங்க ஓட்டை சார்," என்றார் ஜக்கம்மாள். "மொத ஓட்டை. தம்பி அடைக்கிறேன் அடைக்கிறேன்னு சொல்லிக்கிட்டே இருக்காப்புல."

அவர் அண்ணாந்து பார்த்தார். "பள்ளத்துல போட்டிருக்கேன்."

"ஆமா சார்."

"அங்க அந்த ஆளு முதல் நிமிஷமே சொல்லிட்டாரு, மேட்டுல போடுங்கன்னு." என் பக்கம் திரும்பினார். "நீங்க பார்த்துக்கிட்டுதான நின்னீங்க?"

"பார்த்துக்கிட்டுதான் நின்னேன்."

அவர் குடையை மடக்கித் தூணில் சாய்த்தார். அடைக்கிற பசை இருக்கிறதா என்றார். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு ஏணியில் ஏறினார். தகரம் நனைந்திருந்தது, வழுக்கும். நான் கரணையைக் கீழே வைத்துவிட்டுப் போய் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.